மூன்றாம் தொட்டிச் சேறு

அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நானே உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பற்றிக் காகிதத்தில் இதுவரை ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. "முதல் சோதனை, பரிசோதகரின் கவனக்குறைவால் தவறாக அமைந்தது." முப்பத்தொரு வருடத்தில் ஒரு பாட்டிலைக்கூடக் கை நழுவ விடாதவளைப் பற்றி எழுதியது இது. பச்சைப் பொய். நான் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் அந்த வாக்கியமே பிறந்திருக்காது.

அவள் வேலை பார்த்தது ஒரு தனியார் ஆய்வகத்தில். பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி, லிஃப்ட் இருந்தது, ஓடியதில்லை. கம்பெனிகள் புதிதாக ஒரு ரசாயனம் செய்தால் அது தண்ணீரிலும் சாக்கடையிலும் எவ்வளவு சீக்கிரம் மட்கிப் போகும் என்று சோதித்துச் சான்று கொடுப்பார்கள். சோதிப்பது அக்கா, கீழே கையெழுத்துப் போடுவது அக்கா, சான்றைக் கொடுத்துக் கைகுலுக்குவது மட்டும் மேனேஜர்.

"சாக்கடையில கோடிக்கணக்குல கிருமி இருக்குடா, எல்லாம் பசியோட," என்பாள். "அதுல துளியூண்டு எடுத்து பாட்டில்ல விடுவோம். வேற சாப்பாடு எதுவும் கிடையாது, இந்த ரசாயனம் மட்டும்தான். தின்னா உண்டு, இல்லேன்னா பட்டினி. தின்னுதா தின்னலயான்னு பாக்கறதுதான் என் வேலை."

தின்கிற கிருமி மூச்சு விடும். மூச்சு விட்டால் பாட்டிலில் ஆக்ஸிஜன் குறையும். குறைந்ததை அளந்தால் எவ்வளவு தின்றது என்று தெரிந்துவிடும். பாட்டில்கள் இருட்டில், ஒரே சூட்டில், இருபத்தெட்டு நாள் இருக்கும். அதற்குள் நூற்றுக்கு அறுபது பங்காவது தின்று தீர்த்திருந்தால் 'எளிதில் மட்கும்' என்று சான்று. இல்லையென்றால் இல்லை. பக்கத்தில் ஒரு பாட்டிலில் கிருமிகளுக்கு மிகவும் பிடித்த ஒரு பொருளைப் போட்டு வைப்பாள். அதையே தின்னவில்லை என்றால் கிருமிக்காக எடுத்து வந்த சாக்கடைச் சேறு செத்த சேறு, முழுச் சோதனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அப்படிக் கொட்டியதற்காக மேனேஜரிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு தடவைகூடக் கொட்டாமல் விட்டதில்லை.

எல்லாவற்றையும்விட ஒரு விதிக்கு அவள் உயிரையே கொடுப்பாள். எந்த ரசாயனத்தைச் சோதிக்கிறோமோ அதை அந்தக் கிருமிகள் அதற்கு முன் கண்ணால்கூடப் பார்த்திருக்கக் கூடாது. "பழக்கிட்டா எதையும் தின்னும், மனுஷன் மாதிரி," என்பாள். "நாளைக்கு இது ஏதோ ஒரு ஊர் வாய்க்கால்ல போய் விழும். அங்க இருக்கற கிருமிய யாரு பழக்கி வச்சிருப்பா?"

அதனால் சேறு எடுக்கும் இடத்தை அவளே தேடிப் பிடித்திருந்தாள். நகரத்தின் மறுகோடியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். மூன்று தொட்டிகள், மூன்றிலும் அடியிலிருந்து காற்றை ஊதி நுரைக்க வைத்துக்கொண்டே இருப்பார்கள். முதல் இரண்டுக்கும் பட்டறைக் கழிவும் வரும். மூன்றாவதற்கு வீட்டுச் சாக்கடை மட்டும். எனவே அவளுக்கு எப்போதும் மூன்றாம் தொட்டி, எப்போதும் செவ்வாய்க்கிழமை காலை. இரண்டு நீல கேன்களில் பாதி அளவுக்கு நிரப்பி, கிருமிகளுக்கு மூச்சு முட்டாமல் மூடியைத் தளர்த்தி வைத்து, பஸ்ஸிலேயே கொண்டுவருவாள். பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு ஊரே அடித்துக்கொள்ளும் நேரத்தில் அவளுக்கு மட்டும் முழு சீட்டும் காலியாகக் கிடைக்கும். "எனக்குத்தான்டா ராஜ மரியாதை," என்று சிரிப்பாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பாட்டில யாரு பாத்துப்பா?" என்று பதில் சொல்லி வாயை அடைத்துவிடுவாள். கீழ் வீட்டில் அவள், மாடியில் நானும் மனைவியும் மகளும். சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் மாடியில். அவள் துணி காய என் மனைவி தனிக் கொடி கட்டி வைத்திருந்தாள். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்தக் கலையில் நான் அவளைவிடக் கெட்டிக்காரன்.

நான் வேலை பார்த்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலையில், ஸ்டோரில். தரை துடைக்க, பாத்திரம் கழுவ திரவம் செய்யும் கம்பெனி. நாலு இடத்தில் ஒட்டாமல் முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒட்டிய வேலை. எந்த டிரம் வந்தது, எந்த டிரம் போனது என்று சீட்டுப் போடுவேன். அந்த வருடம் புதிதாக ஒரு நுரைக்கும் ரசாயனம் கண்டுபிடித்திருந்தார்கள். டிரம்மில் எழுதியிருந்த எண்ணை வைத்து அதை எழுபத்தேழு என்போம். ஒரு சொட்டு விட்டால் வாளி முழுக்க நுரை, அடங்கவே அடங்காது. எங்கள் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சான்று வாங்க அனுப்பியது அக்காவின் ஆய்வகத்துக்கு.

"என் தம்பி அங்க வேலை பாக்கறான் சார், வேற யாராவது செய்யட்டும்," என்று அக்கா மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். "உங்க தம்பியா பாட்டில்ல உக்காந்து திங்கப் போறார்?" என்று அவர் சிரித்துவிட்டாராம்.

முதல் சோதனை. ஒன்பது நாள் பாட்டிலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஏதோ பேருக்குக் கொறித்தன. இருபத்தெட்டாம் நாள் கணக்குப் பார்த்தால் முப்பத்துநாலு. அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். எங்கள் கம்பெனியில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் எங்கள் கெமிஸ்ட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தன்மையான மனிதர், குரலே உயர்த்தமாட்டார். அதுவரை என்னை உட்காரச் சொன்னதில்லை, அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க அக்கா சேறு எங்கேருந்து எடுக்கறாங்க?"

"தெரியலையே சார்."

"சும்மா கேட்டுப் பாருங்களேன். ஒரு ஆர்வம்தான்."

அன்று சாப்பிடும்போது கேட்டேன். அக்காவின் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அத்தனை வருடத்தில் அவள் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளாகச் சொன்னால் உண்டு, அதையும் பாதியில் வெட்டிவிடுவோம். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினாள். கரண்ட் பில் வந்த உறையைத் திருப்பிப் போட்டு மூன்று தொட்டிகளையும் வரைந்தாள், எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று அம்புக்குறி போட்டாள். மூன்றாவதைச் சுற்றி வட்டம். பக்கத்தில் 'செவ்வாய்' என்று எழுதினாள். "ஆபீஸ்ல கூட யாருக்கும் தெரியாது, நான் சொல்லிக்கறதில்ல," என்றாள். வேலை தெரிந்தவர்களுக்கே உரிய கர்வம் அது. அந்தக் கர்வம்தான் அவள் செய்த ஒரே தப்பு.

உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் கெமிஸ்ட் மேஜையில் வைத்தேன். விவரத்தைச் சொன்னாலே போதுமாயிருந்தது. நான் அவள் கையால் வரைந்ததையே கொடுத்தேன். அடுத்த மாதம் ஸ்டோருக்கு நான் தலைமை ஆனேன்.

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பாதி உண்மை. இரண்டே வாரத்தில் மீதிப் பாதியும் தெரிந்துவிட்டது. தொழிற்சாலையைக் கழுவிய தண்ணீரை மூன்றாம் தொட்டியில் விட அனுமதி வாங்கினார்கள். தினமும் சாயங்காலம் ஒரு டேங்கர் லாரி போகும். போகும் முன் அதில் எழுபத்தேழு டிரம் ஒன்றை ஊற்றுவார்கள். டிரம்முக்குச் சீட்டுப் போடுவது நான். என்ன காரணத்துக்கு என்ற இடத்தில் 'கழுவுவதற்கு' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மூன்று மாதம் எழுதினேன். அக்காவின் கிருமிகளுக்கு எங்கள் கம்பெனி மூன்று மாதம் சோறு ஊட்டியது. அதற்குப் பிறகு இரண்டாவது சோதனை கேட்டார்கள்.

அக்கா வழக்கம்போல் செவ்வாய்க்கிழமை போனாள். தொட்டியில் நுரை கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்ததாம். நிலையத்து ஆபரேட்டரைக் கேட்டதற்கு, "ஏதோ கழுவின தண்ணி வருதும்மா, மேலேருந்து உத்தரவு," என்றாராம். தெருவோ தொட்டியோ கழுவின தண்ணீர் என்று நினைத்து, கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்தத் தடவை முடிவு எண்பத்தொன்று. மேனேஜர் பூரித்துப் போனார். அக்கா மாடிக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் இரண்டு சோதனைகளின் கிராஃபையும் என் முன்னால் விரித்தாள். தட்டைத் தொடவில்லை.

"இங்க பாரு. போன தடவ ஒன்பது நாள் கோடு தரையிலயே கிடக்கு. முழிச்சிக்கிட்டு நிக்குதுங்க, இது என்ன எழவுன்னு தெரியாம. இந்தத் தடவ பாரு, ரெண்டாவது நாளே விறுவிறுன்னு ஏறுது. யோசிக்கவே இல்ல. இது ஏற்கெனவே தின்னு பழகின கிருமிடா."

 தண்ணீர் குடித்தேன்.

"உங்க ஸ்டோர்லேருந்து எழுபத்தேழு எங்கயாவது வெளிய போகுதா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் சீட்டு போடறவன்."

"சீட்டு போடறவனுக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி," என்று காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், இதில் கையெழுத்துப் போட மாட்டேன், வேறு சேறு எடுத்து மூன்றாவது தடவை செய்கிறேன், இருபத்தெட்டு நாள் கொடுங்கள் என்று நின்றிருக்கிறாள். முப்பது வருடத்தில் அவள் கேட்ட முதல் சலுகை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். லீவு போட்டு, ரயிலில் ஐந்து மணி நேரம் போய், வேறொரு ஊரின் நிலையத்திலிருந்து அதே நீல கேன்களில் சேறு கொண்டுவந்தாள்.

அந்த இருபத்தெட்டு நாளும் தன் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டே வந்தாள். மாடிப்படி இறங்கும்போது ஜன்னல் வழியாகத் தெரியும். பாட்டில்களுக்காக என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட வருவாள், உப்பு எடு, தண்ணீர் எடு என்பதற்கு மேல் பேச்சு இல்லை. சாப்பிட்டு முடித்தும் கொஞ்ச நேரம் கை காயக் காய உட்கார்ந்திருப்பாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

இருபத்தொன்பதாம் நாள். புதுச் சேறு தின்றது முப்பத்திரண்டு. முதல் சோதனை சொன்னதைத்தான் மூன்றாவதும் சொன்னது. காகிதங்களை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"வேற ஊர் சேறு, வேற மாதிரி வரும். இதுல என்ன இருக்கு?" என்றார் அவர்.

"மூணாம் தொட்டிக் கிருமிய வேணும்னே பழக்கியிருக்காங்க சார். ஆபரேட்டர்கிட்ட விசாரிச்சேன், டேங்கர் வருது."

"டேங்கர்ல கழுவின தண்ணி வருது, அனுமதியோட. அதுல எழுபத்தேழு இருந்துச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா? அந்த ஃபேக்டரிலேருந்து ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், வந்து சொல்லட்டும். சான்ற நானே கிழிச்சுப் போடறேன். யாராவது இருக்காங்களா?"

அக்கா மேஜை மேல் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியிருக்கிறாள். பிறகு, "இல்ல சார்," என்றிருக்கிறாள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து மேஜைக்காரர் போட்டார். முதல் சோதனை ஏன் அப்படி வந்தது என்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டியிருந்தது, எழுதினார்கள். அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன வாக்கியம். மூன்றாவது சோதனை எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அக்காவைப் பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அவள் சோதனை செய்த பாட்டில்களை, இனி வேறொருவர் சோதனை செய்வதற்காக, அவளே பிரஷ் போட்டுக் கழுவினாள். ஓய்வு பெறும் வரை ஒரு வருடம். கை விரலெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. என் மனைவி கேட்டதற்கு, "சோப்பு ஒத்துக்கல," என்றாள்.

எங்கள் திரவம் சக்கைப் போடு போட்டது. பாட்டிலின் மேல் பச்சை இலை ஒன்று, 'தண்ணீரில் தானாகவே மட்கும்' என்று கொட்டை எழுத்து. ஊழியர்களுக்கு மாதம் இரண்டு பாட்டில் இலவசம். மாடியில் பாத்திரமெல்லாம் அதில்தான் கழுவினோம். அக்கா கீழே சோப்புக் கட்டியோடு நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டுக்கு மாடிக்கு வருவதையும் அந்த வருடமே நிறுத்திவிட்டாள்.

பழகிய கிருமிகள் இருந்தது மூன்றாம் தொட்டியில் மட்டும்தான், வாய்க்காலில் கிடையாது. மூன்றாம் வருடம் பாலத்துக்குக் கீழே வாய்க்காலில் நுரை கட்ட ஆரம்பித்தது. மழை பெய்தால் கரையில், வெயில் அடித்தால் நடுவில், ஆள் உயரத்துக்கு. மீன் பிடிக்க வருகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரிகளுக்கு எங்கள் கம்பெனி சான்றை நீட்டியது. அவர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு, ஜனங்கள் அளவுக்கு மீறி சோப்பு உபயோகிப்பதுதான் காரணம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் தினமும் சைக்கிளில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போகலாம்தான், நுரைக்கு நாற்றமே இல்லை. நல்ல வாசனை.

போன மாதம் எனக்கும் ஓய்வு. பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். உறையைக் கொடுத்தது நான், டிரம்முக்குச் சீட்டுப் போட்டது நான், எல்லாம் நான்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்பலேருந்துக்கா?"

"ரெண்டாவது கிராஃப் பாத்த அன்னிக்கே. மூணாம் தொட்டின்னு இந்த உலகத்துல ஒருத்தன்கிட்டதான் சொன்னேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டேனே. தெரியாதுன்னே."

"பயந்துட்டேன்க்கா. வேலை போயிடுமேன்னு."

"ஆமாம். இப்பதான் முடிஞ்சுதே, அதான் வந்திருக்க."

கடிகாரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் வெங்காயத்தைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணாவது சோதனைக்கு எதுக்கு இருபத்தெட்டு நாள் கேட்டேன்னு நெனைக்கற? பத்து நாள்லயே தெரிஞ்சுடுச்சு, அது தின்னாதுன்னு. பாக்கி பதினெட்டு நாள் உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்டா. தினம் மேல வந்து உன் எதிர்லதானே உக்காந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை, வெங்காயத்துக்குக்கூட வரவில்லை. இப்போதாவது நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன், எங்கே வேண்டுமானாலும் அனுப்பு என்றேன்.

"எழுது. அடியில உன் கையெழுத்து போடு. அது இல்லேன்னா வெறும் காகிதம்," என்றாள்.

எழுதிவிட்டேன். இன்றோடு இருபது நாள். கீழ் வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது காலண்டர் பக்கம் திரும்பாமல் போகிறேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. என் மகளை எங்கள் கம்பெனியில் அந்தக் கெமிஸ்டே வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார், வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். அதை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.